எலிகளுக்கு பர்மிட் இல்லை

காரைக்காலில் குடிப்பது குற்றமில்லை. அரசுக்குத் தெரியாமல் குடிப்பதுதான் குற்றம். எழுபத்தெட்டில் எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் மதுவிலக்கு, அதனால் இந்தப் பக்கம் அதிகாரிகளுக்கு இரட்டை விழிப்பு. அந்த விழிப்பில் வசமாக மாட்டியது பங்கஜவல்லியின் பார்சல்.

பங்கஜவல்லி கோவில்பத்துப் பெண். நுரையீரல் அழற்சியை ஒருவகை இனிப்புத் தூள் தணிக்குமா என்று எலிகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தாள். எலிகள் அழற்சி வந்து, கூண்டில் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தன. தூள்தான் வரவில்லை. பொங்கலுக்குள் முடிவு எழுதித் தராவிட்டால் டாக்டர் பட்டம் போச்சு. பம்பாயிலிருந்து வந்த டப்பாவில் எவனோ புண்ணியவான் 'சுகர் ஆல்கஹால்' என்று அச்சடித்துத் தொலைத்திருந்தான். 'திரவங்கள் மற்றும் திரவமாகக்கூடியவை கண்காணிப்பு அலுவலகம்' அதைப் பிடித்து வைத்துக்கொண்டது.

அதிகாரி தெட்சிணாமூர்த்தி பீடி இருமலோடு வரவேற்றார். "உக்காருங்கம்மா. யார் குடிக்கறதுக்கு?"

"எலிங்களுக்கு சார். இதுல போதையே வராது. ஆல்கஹால்ங்கறது வேதியியல்ல ஒரு குடும்பப் பேரு."

"நல்ல குடும்பம் அந்தப் பேரை ஏன் வச்சுக்குது? போவட்டும், பர்மிட் போட்டுடலாம். எலிங்க மேஜர்தானே?"

"ஆறு மாசம் ஆவுது சார்."

"மைனருக்கு ஊத்திக் குடுக்கச் சொல்றீங்க," என்றார் மிகுந்த வருத்தத்தோடு.

"எலி ரெண்டு மூணு வருஷந்தான் சார் உசுரோட இருக்கும்."

"அதுக்கு சட்டம் என்னம்மா பண்ணும்?"

பங்கஜவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்களே தின்னு பாருங்க, போதை வருதான்னு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

பொதுநலன் கருதி தெட்சிணாமூர்த்தி ஒரு கரண்டி தின்றார். போதை வரவில்லை. ஒருவர் சாட்சியம் போதாது என்று குமாஸ்தா முத்தையனும் தட்டச்சர் சொர்ணாம்பாளும் தின்றார்கள். பிறகு டீயில் கலந்து சோதித்தார்கள். சாயங்காலத்துக்குள் டப்பா காலி.

மறுநாள் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. அந்தத் தூள் அளவு மீறினால் வயிற்றைக் கலக்கிவிடும். அதை அவளிடம் யாரும் கேட்கவில்லை.

சில நாளில் உத்தரவு வந்தது: 'மேற்படி பொருள் மேலே ஏறாமல் கீழே மட்டும் இறங்கியபடியால், மது அல்ல எனச் சான்றளித்து விடுவிக்கப்படுகிறது.' கூடவே காலி டப்பா. அதற்குள் எலிகள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடியிருந்தன. அவள் அழுதுகொண்டே அலுவலகத்துக்குப் போனாள்.

தெட்சிணாமூர்த்தி பாதியாக இளைத்து, சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"சார், உங்க இருமல் எங்க?"

"நின்னுடுச்சும்மா. அதைத் தின்னதுலேருந்து ஒரு இருமல் இல்ல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். 'எலியைவிடப் பெரிய பாலூட்டிகளில் முழு வெற்றி' என்று அன்றைக்கே எழுதி அனுப்பினாள். பட்டம் வந்தது. பத்திரிகையில் படம் வந்தது. பாராட்டு விழாவில் மாலை போட்டவர் தெட்சிணாமூர்த்தியேதான்.

மனசு கேட்காமல், அவர் காதோரமாக அவள் கேட்டாள். "நெஞ்சு நெஜமாவே சரியாயிடுச்சா சார்?"

"அட நீங்க வேற. வயிறு இருந்த நெலமைல இருமுனா என்னாவும்னு பயந்து அடக்கிக்கிட்டேம்மா."

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். பத்திரிகை பார்த்துவிட்டு ஊரில் பாதிப்பேர் அந்தத் தூளை வரவழைத்துத் தின்ன ஆரம்பித்திருந்தார்கள். மண்டபத்தில் ஒருவரும் இருமவில்லை. கைதட்டக்கூட யாரும் எழுந்திருக்கவில்லை.