தவளைப் பெட்டிக்குக் காவல் நெய்

சனிக்கிழமை காலையென்றால், புலம்பெயர்ந்தவர்கள் குடியிருக்கிற குவேக்கர்ஸ் ஹில்லில் சந்திரவதனாவின் தெருவில் கார் நிறுத்த இடம் கிடையாது. கலியாண வீடா? இல்லை. செத்த வீடா? அதுவும் இல்லை. அத்தனை சனமும் ஒரு கண்ணாடிப் பெட்டியையும், அதற்குள் இருந்த நகமளவு தவளையையும் பார்க்க வந்தது. தவளை பாவம், தன் பாட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. கும்பிட்டவர்களுக்குக் கண் திறந்திருந்தும் ஒன்றும் தெரியவில்லை.

அந்தத் தவளை, சந்திரவதனாவின் மகள் ராகவியுடையது. பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை, லைசென்ஸ் எடுத்து வளர்க்கிறாள். குட்டித் தவளைக்கு வாய் சின்னது என்பதால் கடையிலிருந்து பழ ஈ வாங்கி விடுவாள். எள்ளைப்போல இருக்கும், பறக்கத் தெரியாத இனம். பறக்கத் தெரியாவிட்டால் என்ன, ஏறத் தெரியுமே. கண்ணாடியில் விறுவிறுவென்று ஏறி, மூடி இடுக்கால் வெளியே வந்து, குசினி வரை ஊர்வலம் போயின. இடியப்பத் தட்டில் ஈ. சொதியில் ஈ. சாமிப் படத்தின் நெற்றியில் ஈ. அலுவலகத்தில் பெரிய கம்பனிக் கணக்கையெல்லாம் கிண்டிக் கிளறுகிற சந்திரவதனாவுக்குச் சொந்த வீட்டு ஈயை அடக்க வழி தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் மெரிலேண்ட்ஸ் மகேந்திரராஜா சாமி. முன்பு வீட்டுக் கடன் எடுத்துக் கொடுக்கிற தரகர். வட்டி ஏறியது, தொழில் படுத்தது, உடனே அருள் இறங்கிவிட்டது.

"பிள்ளை, இது பூச்சியில்லை. உன்ர வீட்டை விட்டு வெளிக்கிடுற லட்சுமி. காவல் பண்ணாட்டி ஒண்டும் தங்காது" என்றார் சாமி. மடியிலிருந்து சின்னச் செப்பு ஒன்றை எடுத்தார். உதட்டுக்குள் மந்திரம் முணுமுணுத்தபடி, மஞ்சள் நிற நெய்யைக் கண்ணாடியின் உள்விளிம்பைச் சுற்றிப் பட்டையாகப் பூசினார்.

ஈக்கள் ஏறின. பட்டையில் கால் வைத்தன. வழுக்கின. திரும்பி இறங்கின. சந்திரவதனாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"அம்மா, இட்ஸ் ஜஸ்ட் கிரீஸ்" என்றாள் ராகவி.

"நெய் வெறும் வாகனம், பிள்ளை. அதில ஏறி வாறது மந்திரம்" என்று சாமி சிரித்தார். "நீ பேசாம இரு" என்று தாய் மகளை அடக்கினாள்.

ஈ வழுக்குகிற வீடியோ வாட்ஸப்பில் போனது. பிறகு கேட்க வேண்டுமா? காவல் நெய் வாங்கச் சனம் முண்டியடித்தது. ஒருவர் மகனின் மடிக்கணினியைச் சுற்றிப் பூசினார், படித்தது வெளியே போகாதாம். சர்ச்சுக்குப் போகிற வேதக்கார அஞ்சலீனாகூடத் தபால் பெட்டிக்குப் பூசினாள், கார் அபராதக் கடிதம் உள்ளே வராதாம். உள்ளே இருப்பதை வெளியே விடாத நெய், வெளியே இருப்பதை எப்படி உள்ளே விடாது என்று ஒருவரும் கேட்கவில்லை. நெய்யும் சொல்லவில்லை.

இவ்வளவோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். சந்திரவதனாவின் கணவன் ஜெயரட்ணத்துக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. கால் விரலில் ஆறாத புண். ஆஸ்பத்திரியில் காட்ட நாளும் குறித்திருந்தார்கள். சாமி அவருடைய கணுக்காலைச் சுற்றி நெய்யால் ஒரு கோடு இழுத்தார். "புண் இந்தக் கோட்டைத் தாண்டி ஏறாது. வெட்டுற டொக்டர்மாரிட்டப் போனியளெண்டால் காவல் முறிஞ்சு போம்" என்றார். ஜெயரட்ணம் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து, வரவில்லை என்று சொல்லிவிட்டார். ஈக்கு வேலை செய்தது காலுக்குச் செய்யாதா என்று சந்திரவதனாவும் நிம்மதியாகத்தான் இருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெட்டியில் நெய் காய்ந்துபோய் ஈக்கள் மறுபடி வெளியே வந்தன. சாமி கொடுத்துவிட்டுப் போன செப்பும் காலி. விடிந்தால் சனம் வந்துவிடும், மானம் போய்விடுமே என்ற பதற்றத்தில், சந்திரவதனா தன் குதிக்கால் வெடிப்புக்குப் பூசுகிற வாசலினை எடுத்து விளிம்பில் அப்பிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

காலையில் பார்த்தால் வெளியே ஒரு ஈ இல்லை. மந்திரம் இல்லாத வாசலினே ஈயை மறித்துவிட்டது, அப்படியென்றால் காலில் இழுத்த கோடு? சந்திரவதனா ஓடிப்போய்க் கணவனின் போர்வையை விலக்கினாள். விரலில் இருந்த சிவப்பு, நெய்க் கோட்டைத் தாண்டிக் கெண்டைக்கால் வரை ஏறியிருந்தது. தொட்டால் கொதித்தது.

"எழும்புங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"சாமி இண்டைக்கு வாறார்தானே. அவர் ஓம் எண்டால் வாறன்" என்றார் ஜெயரட்ணம்.

அவளுக்குப் பயமும் கோபமும் சேர்ந்து வந்தன. பயம் கணவனை நினைத்து. கோபம் முழுக்கத் தன்மேல்.

சாமி வந்தார். காலைப் பார்த்தார். "வீட்டில நம்பிக்கையில்லாத ஆள் ஒண்டு இருக்கு. அதான் தடக்குது" என்று ராகவியைப் பார்த்தார். கூடம் நிறையச் சனம். சந்திரவதனா இரண்டு ஜாம் போத்தல்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். இரண்டிலும் பழ ஈ, இரண்டுக்கும் மூடியில்லை.

"சாமி, இதுக்கு நான் குதிக்காலுக்குப் பூசுற வாசலின் பூசியிருக்கு. மந்திரம் இல்லை. மற்றதுக்கு ஒண்டும் பூசேல்லை. நெய் வெறும் வாகனம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். ஒண்டும் பூசாத போத்தலுக்கு மந்திரத்தை மட்டும் சொல்லுங்கோ. ஈ நிண்டுதெண்டால் நான் உங்கட காலில விழுறன்."

"தெய்வத்தைச் சோதிக்கக் கூடாது, பிள்ளை."

"தெய்வத்தை ஆர் சோதிச்சது? நான் சோதிக்கிறது ஈயை."

சனம் போனைத் தூக்கிப் பிடித்தது. தப்ப வழியில்லை. சாமி அந்தப் போத்தலுக்கு மேல் குனிந்து, கண்ணை இறுக மூடி, மந்திரத்தைச் சொன்னார். சத்தமாகச் சொன்னார். ஈக்களுக்கு மந்திரம் விளங்கவில்லை போலும். ஏறின, விளிம்பைத் தாண்டின, சாமியின் தாடியில் குடியேறின. ஒன்று மூக்குக்குள் போனது. சாமி தும்மிக்கொண்டு துள்ளினார். தோளில் கிடந்த பை கவிழ்ந்தது. உள்ளேயிருந்து பெரிய வாசலின் டப்பா உருண்டு வந்தது, பின்னாலேயே ஒரு மஞ்சள் தூள் பைக்கற்றும். வாசலின் போத்தலில் ஒரு ஈயும் வெளியே வரவில்லை.

ஜெயரட்ணம் டப்பாவைப் பார்த்தார். தன் கணுக்காலைப் பார்த்தார். சால்வையால் கோட்டை அழித்தார்.

"கார்த் திறப்பை எடு, வதனா. ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றார்.

ஆஸ்பத்திரியில் அன்றே வீட்டுக்கு விடாமல் மறித்து வைத்து ஊசி மருந்து ஏற்றினார்கள். டொக்டர் பேசின பேச்சைச் சந்திரவதனா தலைகுனிந்து கேட்டாள். விரல் தப்பியது. மகேந்திரராஜா காவியைக் கழற்றிவிட்டு, இப்போது வாஸ்து பார்க்கிறாராம்.

அடுத்த சனிக்கிழமை வாசலில் மணி அடித்தது. அஞ்சலீனா, கையில் புது வாசலின் டப்பா.

"அன்ரி, நீங்கள் மந்திரமில்லாமலே ஈயை நிப்பாட்டினனீங்களாம். சாமியை விட உங்கட கைதான் ராசியாம். இதை ஒருக்காத் தொட்டுத் தாங்கோ."

சந்திரவதனா அவளைக் கையில் பிடித்துத் தவளைப் பெட்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"அந்த ஈயைப் பார். வழுக்கினவுடன என்ன செய்யுது?"

"காலைத் தேய்க்குது."

"ஓம். காலில என்ன ஒட்டினதெண்டு பாத்துத் துடைக்குது. ஆரையும் கும்பிடேல்லை. அதின்ர தலை எள்ளளவு, பிள்ளை. உன்ரயும் என்ரயும் அதைவிடப் பெரிசு. எடுத்துப் பாவிச்சால் தேயாது."