திரைக்குப் பின்பக்கம் ஓடிய விண்கப்பல்

அன்பு மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகன் வணக்கத்துடன் எழுதுவது. நானும் அம்மாவும் இங்கு நலம். அங்கே நீங்களும் அத்தையும் பிள்ளைகளும் நலமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். பதிலை அப்புறம் எழுதுங்கள், இப்போது குறுக்கே பேசாமல் நான் சொல்வதைக் கேளுங்கள். இனிமேல் எனக்கு எந்தப் படமும் அனுப்ப வேண்டாம். பழசும் வேண்டாம், புதுசும் வேண்டாம், அறிவியலும் வேண்டாம், புனைகதையும் வேண்டாம். அதற்குப் பதிலாக உங்கள் பக்கத்தில் வாடகை குறைவாக ஓர் அறையும், அம்மா இஸ்திரி மேசை போட ஓர் ஓரமும் கிடைக்குமா என்று பாருங்கள். ஏன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

இந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்க அலுவலகத்தில் என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். ரசீது போடுவது, தண்ணீர் லாரிக்கு போன் பண்ணுவது, லிஃப்ட் நின்றுபோனால் லிஃப்டுக்குப் பதிலாகத் திட்டு வாங்குவது. இதோடு ஆண்டுவிழாவுக்குப் படம் போடுகிற பொறுப்பையும் என் தலையில் கட்டினார்கள். எங்கள் சங்கத் தலைவரை எல்லோரும் முதுகுக்குப் பின்னால் 'மைக்' என்றுதான் சொல்வார்கள். கையில் கொடுத்தால் திரும்ப வாங்க முடியாது. அவர் எங்கேயோ 'கிளாசிக்' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். "பிள்ளைங்களுக்கு சயின்ஸ் வரணும். சயின்ஸ் படமா இருக்கணும். ஆனா சும்மா சயின்ஸ் இல்ல, கிளாசிக்கா இருக்கணும். கிளாசிக்னா யாரும் குறை சொல்ல முடியாது பாரு." சொன்னவர் முதல் ஆளாகக் குறை சொல்ல ஆரம்பித்தார், அது வேறு விஷயம்.

நீங்கள் தமிழில் சப்டைட்டில் எழுதிய பழைய வெளிநாட்டுப் படங்கள் மூன்றை அனுப்பினீர்கள். அதைப் பார்த்ததும் அம்மாவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வேண்டும். இஸ்திரித் துணி சுற்றுகிற தாளைக்கூட ஒரு வரி விடாமல் படிக்கிறவள் இல்லையா. "என் தம்பி எழுதினது திரையில பெருசு பெருசா வருமாடா?" என்று கேட்டாள். வரும் என்றேன். உடனே முகம் சுருங்கிவிட்டது. "எங்களுக்கு அதே பின்பக்கம்தானே?" என்றாள்.

இந்தப் பின்பக்கக் கதை உங்களுக்குத் தெரியாது. இங்கே படம் போடுகிற முறை இது: ஹாலுக்கும் கார் ஷெட்டுக்கும் நடுவில் ஓர் அகலமான வாசல் இருக்கிறது. அதில் வெள்ளைத் துணி கட்டுவார்கள். ஹால் பக்கம் வீட்டுக்காரர்கள், மின்விசிறிக்கடியில், நாற்காலியில். அதிலும் மேல்மாடிக்காரர்கள் முதல் வரிசை, கீழ்த்தளத்துக்காரர்கள் கடைசி வரிசை. வீடு எவ்வளவு உயரமோ நாற்காலி அவ்வளவு முன்னால். கார் ஷெட் பக்கம் காவலாளிகள், கூட்டுகிறவர்கள், வீட்டுவேலை செய்யும் அக்காக்கள், இஸ்திரி போடும் அம்மா. படம் துணியை ஊடுருவி அந்தப் பக்கமும் தெரியும், இடம் வலமாக மாறி. இடதுகையால் சுடுவான், கார் தப்பான பக்கம் போகும், அது பரவாயில்லை. எழுத்துதான் கொடுமை. போன வருஷம் தமிழ் எழுத்தோடு வந்த ஒரு வெளிநாட்டுப் படத்தை அம்மா முழுசும் முட்டி மோதிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எல்லா எழுத்தும் முறுக்கிக்கிட்டு நிக்குதுடா. 'ப' மட்டும்தான் எந்தப் பக்கம் பாத்தாலும் 'ப'வா இருக்கு. இந்தக் காம்பவுண்டுலேயே ஆள் பாக்காம நடந்துக்கறது அது ஒண்ணுதான்."

இவர்களையும் ஹாலுக்குள் உட்கார வைக்கலாமே என்று கமிட்டியில் கேட்டேன். இந்தக் கட்டிடத்தைக் கட்டி, கமிட்டியிலும் இடம் பிடித்திருக்கிற காண்ட்ராக்டர் என்னைப் பார்த்த பார்வை, நான் அவர் வீட்டுப் படுக்கையறையைக் கேட்டது மாதிரி இருந்தது. "தம்பி, படம்தான் அந்தப் பக்கமும் தெரியுதே, இலவசமா!" என்றார். படம் தெரிகிறது. இந்தக் குடியிருப்பில் வேலை செய்கிறவர்களுக்குக் கழிப்பறை இருப்பதுகூடத் தெரியத்தான் தெரிகிறது. கதவைப் பூட்டி, உள்ளே உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். சாவி மைக்கிடம். பெண்கள் பேருந்து நிலையம் வரை நடந்துபோய் வருகிறார்கள். அம்மா முழங்கால் வலியோடு நடக்கிறாள். இதை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது. "இன்னைக்குக் கூட்டப் பொருளில் இல்லாத விஷயம்" என்று தள்ளிவிடுகிறார்கள்.

சரி, படம் தேர்ந்தெடுத்த கூத்துக்கு வருகிறேன். வீட்டுவேலை செய்யும் எந்திரம் ஒரு நாள் "நானும் கொஞ்சம் உட்காரட்டுமா" என்று கேட்குமே, அதைத்தான் முதலில் போட்டுக் காட்டினேன். கமிட்டியில் இருக்கிற டாக்டரம்மா பாதியிலேயே விளக்கைப் போடச் சொன்னார். "ஐடியா குடுக்கறீங்களாப்பா? இதப் பாத்துட்டு நாளைக்கு எங்க வீட்டு அம்மா சோஃபால உக்காந்தா யாரு பதில் சொல்றது?" என்றார். எந்திரத்துக்கு முதுகு வலிக்காது டாக்டரம்மா, மனுஷிக்கு வலிக்கும், உங்களுக்குத் தெரியாததா என்றேன். நான் மரியாதையில்லாமல் பேசுவதாகக் குறித்துக்கொண்டார்கள். அடுத்தது வேற்றுக்கிரகத்துப் பறக்கும் தட்டு ஒன்று மொட்டை மாடியில் வந்து இறங்குகிற படம். காண்ட்ராக்டர் துள்ளி எழுந்தார். "மொட்டை மாடியில அவ்வளவு பாரத்த எறக்கினா தளம் என்னத்துக்கு ஆகும்? ஏற்கெனவே ஒழுகுது, நான் கட்டினதுதான் காரணம்னு பேசறாங்க. இதுல இதயும் காட்டணுமா?" மாமா, பிரபஞ்சத்தின் இன்னொரு கோடியிலிருந்து வந்தவன் பாவம், எங்கள் மாடிக் கசிவில் வழுக்கி விழுந்தான்.

மிஞ்சியது அந்தக் காற்றுக் கப்பல் படம். விண்கப்பலின் அடித்தட்டில் காற்று தயாரிக்கிறவர்கள், மேல்தட்டில் அதைச் சுவாசிக்கிறவர்கள். கமிட்டி பார்த்தது முதல் கால்மணி நேரம். அதில் கேப்டன் ஒழுங்கைப் பற்றி நீளமாகப் பேசுவார். மைக்குக்கு உயிர் வந்துவிட்டது. "இது கிளாசிக்! என்னமா பேசறான் மனுஷன்!" என்றார். அதற்குள் காண்ட்ராக்டர் குறட்டைவிட, டாக்டரம்மாவுக்கு போன் வர, படம் ஏகமனதாகத் தேர்வாயிற்று. அடித்தட்டுக்காரர்கள் ஏணியில் ஏறி வருவது அதற்கப்புறம்தான் என்று நான் சொல்லவில்லை. ஏன் சொல்லணும்? முழுசாப் பாத்துட்டுக் கையத் தூக்கியிருக்கணும்.

விழா அன்று சாயங்காலம். முதல் வரிசைக்கென்று ஓர் ஏர்கூலர், ஹால் முழுக்க வண்ண விளக்கு, மைக்குக்கு மைக். பேச்சு முடிகிற மாதிரி இல்லை. 'அறிவியல் என்பது' என்று பத்தாவது தடவையாக ஆரம்பிக்கும்போது பியூஸ் போய்விட்டது. அறிவியலே பொறுக்கவில்லை போலிருக்கிறது. எலக்ட்ரீசியன் காலையில்தான் வருவேன் என்றுவிட்டார். ஆனால் கார் ஷெட்டுக்கு வேறு லைன். அங்கே இருப்பது ஒரே ஒரு பிளக், அம்மாவின் இஸ்திரிப் பெட்டிக்கு. புரொஜெக்டர்காரரின் ஒயர் ஹால் வரை எட்டவில்லை. ஆகவே புரொஜெக்டரை அம்மாவின் இஸ்திரி மேசைமேல் வைத்து, அந்தப் பக்கத்திலிருந்து துணியில் அடித்தோம்.

புரிகிறதா மாமா? கார் ஷெட்டில் நேர்ப் படம். ஹாலில் இடம் வலம்.

புரொஜெக்டர்காரர் என்னைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, இதுல ஒரு பட்டன் இருக்கு. அமுக்கினா படம் திரும்பிக்கும். அமுக்கட்டா?" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். துணிமூட்டைமேல் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். "அந்தப் பட்டன் ரிப்பேருன்னு வச்சுக்குங்கண்ணே" என்றேன். "வச்சுக்கிட்டாப் போச்சு" என்றார்.

படம் ஓடியது. ஹாலில் சலசலப்பு. வசனமோ வெளிநாட்டுப் பாஷை, எழுத்தோ முறுக்கிக்கொண்டு நிற்கிறது. "ஒண்ணும் புரியலையே!" "என்னய்யா சொல்றான் அவன்?" இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள், இடமிருக்கிறது என்று நான் போய்ச் சொன்னேன். ஓர் ஆள் அசையவில்லை. காண்ட்ராக்டர், "நாங்க கார் ஷெட்டுலயா? அப்புறம் வரிசை என்ன ஆகறது?" என்றார். முதல் வரிசையை விட்டு எழுந்தால் இரண்டாம் வரிசைக்காரன் உட்கார்ந்துவிடுவான், அந்தப் பயம். சரிதான், கிடங்க என்று திரும்பி வந்தேன். அப்போதுதான் துணிக்கு இந்தப் பக்கமிருந்து அம்மாவின் குரல் கேட்டது. யாருக்காகவும் இல்லை, தன்பாட்டுக்கு வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். "காற்று... கீழிருந்து... வருகிறது... கேப்டன்." ஹால் அமைதியாகிவிட்டது. டாக்டரம்மா குரல் கொடுத்தார்: "யாரும்மா அது? சத்தமாப் படி!"

படித்தாள் மாமா. மொத்தக் குடியிருப்புக்கும் படித்தாள். முதலில் உங்கள் எழுத்தை அப்படியே படித்தாள். அப்புறம் வாட்ச்மேன் அண்ணன் "நம்ம கதைதான் அக்கா!" என்று ஏற்றிவிட, குழம்புக்கு உப்புப் போடுவது மாதிரி சொந்த வார்த்தையும் கொஞ்சம் போட ஆரம்பித்தாள். அடித்தட்டுக்காரன் ஏணியேறி வந்து கேப்டன் எதிரில் நிற்கிறான் இல்லையா? அங்கே நீங்கள் "அழுத்தம் குறைகிறது, வால்வைத் திறக்க உத்தரவிடுங்கள்" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். என் கண் முன்னால் இருக்கிறது. அம்மா படித்தது இது: "கேப்டன் ஐயா, காத்து நாங்க குடுக்கறோம். லிஃப்டுல ஏறக் கூடாதுன்னீங்க, ஏறலை. எதிர்ல உக்காரக் கூடாதுன்னீங்க, உக்காரலை. கக்கூஸைப் பூட்டி வச்சிருக்கீங்களே, எங்க பொம்பளைங்க எங்க போவாங்க? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

மைக்தான் முதலில் கேட்டார். மைக் இல்லாமல் அவர் குரல் எவ்வளவு சின்னது! "ஏம்மா, விண்வெளிக் கப்பல்ல ஏது கக்கூஸ்?"

"அதத்தாங்க அவங்களும் கேக்கறாங்க" என்றாள் அம்மா.

"அதுக்குக் கேப்டன் என்ன சொல்றான்?" இது டாக்டரம்மா.

திரையில் கேப்டன் பேசாமல் நிற்கிற இடம், உங்களுக்குத்தான் தெரியுமே. அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். "ஒண்ணும் எழுதலைங்க. தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. அது எந்தப் பக்கம் பாத்தாலும் தெரியுமே."

இதுதான் நடந்தது. நீங்கள் எழுதாத வசனம் உங்கள் பெயரில் வந்ததற்கு அம்மா சார்பில் மன்னிப்பு. அவளுக்கு வருத்தமில்லை, எனக்குத்தான் பயம். நாளைக் காலை அவசரக் கூட்டம். அம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். மேசையைத் தூக்கச் சொல்வார்கள், எனக்கும் வேலை போகும். தூக்கிக்கொண்டு போகட்டும், இஸ்திரி போடாத சட்டையோடு மைக் பிடிக்கட்டும். ஆனால் முழங்கால் வலியோடு அவளை எங்கே கூட்டிப்போவேன்? அதனால்தான் அறை கேட்டேன். சீக்கிரம் எழுதுங்கள். அத்தைக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு அம்மாவின் முத்தம். படம் மட்டும், உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், வேண்டவே வேண்டாம்.

இப்படிக்கு,
பொறுமை இழந்த உங்கள் மருமகன்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது. அறை பார்க்க வேண்டாம். மைக் எழுந்து, "கிளாசிக் படத்துலயே இருக்குன்னா அது யோசிக்க வேண்டிய விஷயம்தான்" என்று சொல்லிச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். உடைந்த நாற்காலிகளை இன்று மத்தியானம் நாங்களே வெளியே அள்ளிப் போட்டோம். ஆனால் காண்ட்ராக்டருக்குச் சந்தேகம் தீரவில்லை. வரும் சனிக்கிழமை எல்லோரும் கார் ஷெட் பக்கமே உட்கார்ந்து, அந்த வசனத்தைத் தங்கள் கண்ணால் படிக்கப் போகிறார்களாம். இல்லையென்றால் மறுபடியும் பூட்டு. ஆகவே மாமா, அதே படத்தை, அதே இடத்தில், அம்மா சொன்ன வசனத்தைச் சேர்த்து உடனே அனுப்புங்கள். ஒரு வார்த்தை மாற்ற வேண்டாமாம். அந்த 'ஐயா'வை மட்டும் எடுத்துவிடச் சொல்கிறாள். அது பழக்கத்தில் வாய்தவறி வந்ததாம்.