எழுச்சிபுரியில் பாலம் தூக்கிய கதை

நான்கு அமைச்சர்கள் முட்டுக்கொடுக்க, மன்னர் ஒருவர் விழாமல் ஆண்டுவந்த நாடு எழுச்சிபுரி. அங்கே ஆற்றுக்குக் குறுக்கே பாலம் போட முடிவானது. உத்திரம் ஒன்று; தூக்கக் கிரேன் நான்கு. அமைச்சருக்கு ஒன்று வீதம்.

கீழே நின்று கிரேன்களுக்குக் குரல் கொடுப்பவள் தையல்நாயகி. இருபது வருடத்தில் ஒரு சுமையைக்கூட அவள் கீழே போட்டதில்லை. அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. மறைக்கும் பழக்கம் இல்லை.

முதல் ஆணை வந்தது. ஒவ்வொரு கிரேனும் தன் அமைச்சரின் ஒலிபெருக்கியை மட்டுமே கேட்க வேண்டும்.

“நாலும் ஒரே அளவா ஏறணும் ஐயா. ஒண்ணு முந்துனா பாரமெல்லாம் அதும்மேல போயிரும்,” என்றாள் தையல்நாயகி.

“எங்களுக்குள் சமத்துவம் ஏற்கெனவே நிலவுகிறது, அம்மா,” என்றார் மூத்த அமைச்சர்.

இரண்டாம் ஆணை: எந்தக் கிரேன் அதிக உயரம் தூக்குகிறதோ, அதன் அமைச்சர் பெயரே பாலத்துக்கு.

தூக்கினார்கள். நான்கு ஒலிபெருக்கிகளும் ‘மேலே, மேலே’ என்றன. உத்திரம் சாய்ந்தது. முந்திய கிரேனின் பின்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. உள்ளே ஓட்டுநர் சந்தியாகு.

“நிறுத்து” என்றாள் தையல்நாயகி. ஒரே சத்தம். நான்கு ஓட்டுநர்களும் அமைச்சர்களை மறந்தார்கள். பிறகு அவள் சொல்லச் சொல்ல, உத்திரம் அங்குலம் அங்குலமாக இறங்கி மண்ணில் உட்கார்ந்தது.

“காலு நடுங்குதுக்கா,” என்றான் சந்தியாகு.

“நடுங்கட்டும். காலு இருக்குல்ல.”

அனுமதியின்றி நிறுத்திய குற்றத்துக்காக அவளை அவைக்கு இழுத்தார்கள்.

“யாரைக் கேட்டு நிறுத்தினாய்?” என்றார் மன்னர்.

“தூக்கச் சொல்ல ஒரே குரல்தாங்க இருக்கணும். நிறுத்தச் சொல்ல யாரையும் கேக்க வேணாம். வேடிக்கை பாக்குறவன் சொன்னாலும் கிரேன் நிக்கணும். எங்க தொழில் அப்படி.”

முதல் வாக்கியம் மன்னருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. மூன்றாம் ஆணை அன்றே வெளியானது: இனி நாட்டில் ஒரே குரல், அது மன்னருடையது. மிச்சத்தை எழுதத் தாளில் இடமில்லை என்றார் அரசவை எழுத்தர். தாளில் ஏறாத அந்த மிச்சம், பொழுது சாய்வதற்குள் சந்தை முழுக்கப் பரவிவிட்டது.

மறுவாரம் மன்னரே மேடையேறினார். ஒலிபெருக்கி ஒன்று. தையல்நாயகியைத் தடுப்புக் கயிற்றுக்கு வெளியே, கூட்டத்தோடு நிற்கவைத்தார்கள்.

“மேலே,” என்றார் மன்னர். உத்திரம் எழுந்தது. நாடே கைதட்டியது. முந்தின நாள் மழையில் ஊறிய மண்ணில் முதல் கிரேன் ஊன்றியிருந்த இரும்புக் கால் மெல்லப் புதையத் தொடங்கியது. மன்னர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தையல்நாயகி வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் நின்ற மீன்காரி முந்திக்கொண்டாள்.

“நிறுத்துங்கப்பா, கால் எறங்குது.”

அடுத்து ஒரு தையல்காரர். பிறகு கரை மொத்தமும்.

நான்கு கொக்கிகளும் நின்றன. இருபது வருடத்தில் முதல்முறையாக வேலையில்லாமல் போன தையல்நாயகி, கைகளைக் கட்டிக்கொண்டு, தானே பெற்று வளர்த்ததுபோல அந்தக் கூட்டத்தைப் பார்த்தாள்.

“மேலே,” என்றார் மன்னர். ஒலிபெருக்கி நன்றாகவே வேலை செய்தது.