நன்னித்தம்பிக் கிண்ணத்தின் கடைசிப் பந்து

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புள்ள மச்சான் கதிர்காமநாதனுக்கு,

உம்முடைய மனைவியின் தமையன் சிவபாதசுந்தரம் நலம் நாடி எழுதுவது. இங்கே நானும் ஜெகதீஸ்வரியும் சுகம். எங்கள் கட்டடத்து லிஃப்டுக்குத்தான் சுகமில்லை. அங்கே ரொறன்ரோவில் நீரும் என் தங்கை இரத்தினம்மாவும் பனியில் வழுக்கி விழாமல் நடமாடப் பிள்ளையார் துணை நிற்கட்டும். போனில் இந்தக் கதையைத் தொடங்கினாலே இரத்தினம்மா போனைப் பிடுங்கி வைத்துவிடுகிறாள். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். இரண்டு நாளாக எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

விஷயம் இதுதான். நாங்கள் இளந்தாரிகளாக ஆடிய ரென்னிஸ் கழகம் ஒரு மலர் போடுகிறது. அதைத் தொகுக்கும் ருஷ்தா என்ற பிள்ளை வீடு தேடி வந்து, "அங்கிள், நன்னித்தம்பிக் கிண்ணத்துட வரலாற நீங்கதான் எழுதித் தரணும். அந்தக் காலத்து ஆக்கள் வேற யாரும் இங்க இல்லயே" என்றாள். நானும் அன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன். சட்டத்தரணி பிறக்றர் நன்னித்தம்பி தன் வளவுத் தென்னைகளைத் தறித்துவிட்டு, களனிச் சூளைகளில் உடைந்த செங்கல்லை லொறியில் ஏற்றிவந்து இடித்துப் பரப்பிச் செம்மண் தரை போட்டதையும், முதல் வருடப் போட்டிக்கு மூன்றே மூன்று பேர் வந்ததால் நாலாவது ஆளாக அவரே களிசானை மாற்றிக்கொண்டு இறங்கி, முதல் ஆட்டத்திலேயே சொந்த மருமகனிடம் தோற்று, சொந்தக் கிண்ணத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவனுக்கே கொடுத்ததையும், வருடா வருடம் இறுதி ஆட்டம் தொடங்க முதலே கட்லெட் முடிந்துபோவதையும், வெள்ளைச் சப்பாத்து சிவந்துபோய் நாங்கள் வீட்டில் ஏச்சு வாங்கியதையும் ஒரே மூச்சில் எழுதினேன். கடைசிப் பந்தியில் பேனா நின்றுவிட்டது. "கடைசிச் சம்பியன்" என்று எழுதியாயிற்று. பக்கத்தில் யாருடைய பெயரைப் போடுவது?

உமக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் உம்முடைய ஞாபகம் எப்போதும் உம்முடைய பக்கமே சாய்வதால் திரும்பச் சொல்கிறேன். எண்பத்து மூன்றாம் ஆண்டு யூன் மாதம். நீரும் நானும் இறுதி ஆட்டம். மூன்றாவது செட்டில் இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் எனக்கு வெற்றி. நீர் அடித்த பந்து என்னுடைய பக்கத்துப் பின்கோட்டடியில் விழுந்தது. வெளியே என்றால் கிண்ணம் எனக்கு. உள்ளே என்றால் ஆட்டம் தொடரும். செம்மண்ணில் பந்து விழுந்த இடத்தில் தழும்பு கிடக்கும், போய்ப் பார்த்தால் வழக்குத் தீர்ந்தது. ஆனால் நீர் வலையைச் சுற்றி ஓடிவந்து ஒரு தழும்பைச் சுற்றி விரலால் வட்டம் போட்டீர். நான் வேறொரு தழும்பைச் சுற்றி வட்டம் போட்டேன். நடுவர் உயரக் கதிரையிலிருந்து இறங்கி, குனிந்து, மூக்குக்கண்ணாடியில் விழுந்த துளியைத் துடைத்து முடிக்கிறதுக்குள் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. இரண்டு வட்டமும் போயின. மிச்ச ஆட்டம் யூலைக் கடைசியில் என்று கமிட்டி அறிவித்தது. அந்த யூலைக் கடைசியில் கலவரத்துக்குப் பயந்து நாங்கள் எங்கே ஒளிந்திருந்தோம் என்று உமக்கு நான் எழுதத் தேவையில்லை. நீர் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனீர். பிறக்றர் வளவை விற்றுவிட்டு அவுஸ்திரேலியாவுக்குப் போனார். கழகம் வேறிடத்துக்கு மாறியது. போட்டி அத்தோடு சரி.

ஆனால் நீர் விட்டீரா? என் தங்கையின் கழுத்தில் தாலியைக் கட்டிவிட்டு, ஆசீர்வாதம் வாங்க வந்த இடத்தில் என் காதுக்குள் "உள்ளே" என்றீர். நான் அட்சதையை உம்முடைய தலையில் எறிந்து "வெளியே" என்றேன். அன்றிலிருந்து தீபாவளி, பொங்கல், பிறந்தநாள் எதற்குப் போன் எடுத்தாலும் உம்முடைய முதல் சொல் அதுதான். என் அப்பா செத்த அன்று நீர் அங்கிருந்து விம்மி விம்மி அழுதீர். போனை வைக்கும்போது மெல்ல "மச்சான், உள்ளே" என்றீர். அந்தக் கிழமை முழுவதும் நான் சிரித்தது அந்த ஒரு தரம்தான். சரி, அதை விடும்.

இதற்கு ஒரு முடிவு கட்டுவோம் என்று ஞாயிறு காலை ஜெகதீஸ்வரியின் தையல் நாடாவை எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்கே போனேன். வளவில் இப்போது மாடிவீடுகள்; எங்கள் தரை கிடந்த இடம் கார் தரிப்பிடம். பக்கத்து வீட்டு மதில் மட்டும் அதே மதில். அதிலிருந்து அளந்தால் பின்கோடு அகப்படும். நாடா கட்டையானது என்பதால் தவழ்ந்து தவழ்ந்து, சோக்கால் புள்ளி போட்டுப் போட்டு, ஒரு கறுப்புக் காருக்கு அடியில் தலையை நுழைத்த நேரம் காவலாளி என் காலைப் பிடித்து, "அங்கிள், மொனவத மே கரன்னே?" என்று, என்ன செய்கிறீர் என்று, அதட்டினான். வயதான மனிசன் ஒருவன் நாடா பிடித்து நிலத்தை அளந்தால் கொழும்பில் ஒரே அர்த்தம்தான்: பழைய சொந்தக்காரன் காணி உறுதிப் பத்திரத்தோடு வந்திருக்கிறான். கொஞ்ச நேரத்தில் முழுக் கட்டடமும் இரவு உடுப்போடு கீழே இறங்கிவிட்டது. குடியிருப்பாளர் சங்கத் தலைவர் ஸாலிஹ், "சல்லி கட்டி, உறுதி முடிச்சி வாங்கின வீடு இது. நீங்க யாரு? என்னத்துக்கு அளக்கிறீங்க?" என்று பாய்ந்தார்.

"தம்பி, எனக்குக் காணி வேண்டாம். பந்து விழுந்த இடம்தான் வேணும்" என்றேன்.

கதையைக் கேட்டதும் ஸாலிஹ் தானே தன் காரை நகர்த்தினார். அதன்பிறகு நடந்ததைக் கேளும். மூன்றாம் மாடி ஸமீமா, "அப்பிடி அடிச்சா உள்ளுக்குத்தான் விழும்" என்று உமக்காகச் சண்டை. காவலாளி எனக்காகச் சண்டை. யாரோ தேத்தண்ணீர் கொண்டுவந்தார்கள். கடைசியில் ஸாலிஹே நாடாவின் நுனியைப் பிடித்து அளந்தார். கோடு வரவேண்டிய இடத்தில் மொத்தமான ஒரு கொங்கிரீட் தூண் நிற்கிறது. உம்முடைய வட்டமும் என்னுடைய வட்டமும் அதற்குள்தான்.

ஆகவே மச்சான், இனி நீர்தான் சாட்சி. வியாழக்கிழமை மலர் அச்சுக்குப் போகிறது. இந்தக் கடிதத்தை ருஷ்தா படமெடுத்து உமக்கு வாட்ஸப்பில் அனுப்புவாள். "பந்து வெளியே" என்று ஒரு வரி எழுதி அனுப்பும். கிண்ணத்தில் எனக்கு ஆசையில்லை. அது எங்கே கிடக்கிறதோ தெரியாது. வரலாற்றில் பிழை வரக் கூடாது. "உங்களுக்கு வெக்கமில்லையே? பேரன் கண்டிட்டீங்கள், இன்னும் பந்துக்கு அடிபடுறியள்" என்று ஜெகதீஸ்வரி ஏசுகிறாள். ஏசட்டும். எனக்கு இது ஒருக்கால் முடிந்தால் போதும்.

இரத்தினம்மாவுக்கு என் ஆசீர்வாதம், பிள்ளைகளுக்கு முத்தங்கள், உம்முடைய முழங்காலுக்கு என் பிரார்த்தனை.

இப்படிக்கு,
என்றும் அன்பு மாறாத மச்சான்,
சிவபாதசுந்தரம்

பி.கு.: இதை ருஷ்தாவிடம் கொடுக்க முதல் உம்முடைய வாட்ஸப் வந்துவிட்டது. கார் தரிப்பிடக் கதையை ஜெகதீஸ்வரி நேற்றே இரத்தினம்மாவுக்குச் சொல்லிவிட்டாளாம். "பந்து வெளியேதான் மச்சான். நீர்தான் சம்பியன். உம்முடைய பெயரையே போடும்" என்று எழுதியிருக்கிறீர். இது என்ன கதை? உடம்புக்கு ஏதாவது செய்யுதோ? டொக்டர் ஏதாவது சொன்னாரோ? இரத்தினம்மா என்னிடம் எதையாவது மறைக்கிறாளோ? வாசித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆட்டம் இன்னும் முடியவில்லை என்று மலரில் போடும்படி ருஷ்தாவுக்கு இப்போதே சொல்லிவிட்டேன். நீர் எழுதியதை உடனே மறுத்து எழுதும். பொங்கலுக்கு நான்தான் போன் எடுப்பேன். எடுத்ததும் "உள்ளே" என்று சொல்லும்.