புளியங்குளத்து எந்திரத் திருப்பள்ளியெழுச்சி

புளியங்குளம் சந்தியில் அந்த ஆண்டு எழுந்தருளியிருந்த அதிசயத்தின் பெயர் எந்திர சித்தர்.

வெள்ளிக்கிழமைகளில் கண்டி வீதியின் ஓரமாக அரை மைல் நீளத்துக்கு வாகனங்கள் வரிசை கட்டின. நெல் லொறிகள் வந்தன. உழவு இயந்திரங்கள் வந்தன. வாடகைக் கார்கள் வந்தன. ஒரு முறை சவ வண்டி ஒன்றும் வந்தது. அதற்கு அப்படி என்ன அவசரம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சித்தரின் தத்துவம் மிக எளியது. ஒவ்வோர் எந்திரத்துக்குள்ளும் ஓர் உயிர் இருக்கிறது. வெள்ளைக்காரன் அதை உறங்கவைத்தே கம்பனியில் பூட்டி அனுப்புகிறான். சித்தர் அதை எழுப்பிவிடுகிறார். நாடு சுதந்திரமடைந்து பதின்மூன்று ஆண்டுகளாகியும் எந்திரங்கள் மட்டும் அடிமைத் தூக்கத்தில் கிடப்பதை எந்த மானமுள்ள சாரதி பொறுப்பான்? காணிக்கையாகச் சித்தர் கேட்டதும் பெரிதில்லை. எந்திரத்தின் 'உறங்கும் நெஞ்சை' மட்டும் கழற்றி எடுத்துக்கொள்வார். அதாவது, பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் காபரேற்றரை. பதிலுக்குத் திருநீறு பூசிய, 'விழித்த' காபரேற்றர் ஒன்றைப் பூட்டிவிடுவார். கழற்றியது புதியது, பூட்டியது துருப்பிடித்தது என்பதெல்லாம் ஞானக்கண் இல்லாதவர்களுக்குத் தெரியும் வேறுபாடு.

அந்த வரிசையில் ஒரு வெள்ளிக்கிழமை வேலைத்தல மேற்பார்வையாளரான ஓவசியர் நடராசாவின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரும் நின்றது. குளத்து வேலை முடித்துத் தாய்நாடு திரும்பிய வெள்ளைக்கார எஞ்சினியரிடம் அவர் வாங்கிய கார் அது. இரண்டே இருக்கை. தரையோடு தரையாக உட்கார வேண்டும். கம்பனியில் பூட்டியது பூட்டியபடியே இருந்தது. அதுதான் அவருடைய கவலையும்.

கவலைக்குக் காரணம் பக்கத்து இருக்கையில் இருந்தது. மனைவி கமலாசனிக்கு எட்டு மாதம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வலி கண்டதும் வவுனியா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்று மருத்துவிச்சி சொல்லியிருந்தார். தர்மபுரத்திலிருந்து அது ஏறக்குறைய அறுபது மைல். அன்றிலிருந்து நடராசா மைல் கல்லுக்கு மைல் கல் நேரம் பார்க்கும் நோயாளியானார். கைக்கடிகாரம் கமலாசனியின் மடியில்தான் இருக்கும். அன்று காலை, சித்தரின் ஓலைக் கொட்டிலுக்கு முன்னாலுள்ள கடைசி மைலையும் அவள் அளந்திருந்தாள்: எழுபது விநாடி.

"இஞ்சார் கமலா, எழுப்பிப்போட்டால் பத்து நிமிஷம் மிச்சம்."

"எழுப்பினது நடுவழியில திரும்பவும் படுத்தால்? பிள்ளை பெறப்போறது நானோ, சித்தரோ?"

"சனம் முழுக்கச் செய்யுதப்பா."

"அதுதான் எனக்குப் பயம்."

நடராசாவால் முடிவெடுக்க இயலவில்லை. எழுப்பாமல் விட்டு நேரம் பிந்தினால்? எழுப்பி ஏதாவது பிழைத்தால்? இரவல் மூளை ஒன்று வேண்டியிருந்தது. அதைத்தான் சித்தர் வாரந்தோறும் விநியோகித்துக்கொண்டிருந்தார்.

முறை வந்தது. முதலில் அபிஷேகம். காரைச் சுற்றிச் சிவப்புத் திரை இழுக்கப்பட்டது. கோயிலில் திரை விழுந்தால் நம்மவர் என்ன செய்வார்? கைகூப்பி, கண்மூடி, மணியோசைக்குக் காத்திருப்பார். புளியங்குளத்திலும் அதையே செய்தார்கள். நடராசாவும் வெளியே நின்று கண்ணை மூடினார். கமலாசனி மட்டும் இறங்கவில்லை. அந்தப் பள்ளத்திலிருந்து அந்த வயிற்றோடு எழுவது அவளால் ஆகாத காரியம். அவள் கண்ணைத் திறந்துகொண்டு, எதிரே இருந்த சிறு கண்ணாடியில் காரின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரை விலகியது. "உறங்கும் எந்திரத்தை முதலில் ஓட்டிப் பாரும்" என்றார் சித்தர். நடராசா ஓட்டினார். கார் இருமியது, முக்கியது. அடுத்த மைல் கல்லுக்கு நூற்றைந்து விநாடி. திரும்பி வந்தபோது அவர் முகம் வெளிறியிருந்தது.

"கண்டீரோ? இதிலையோ பிள்ளைத்தாய்ச்சியைக் கொண்டு போகப்போறீர்?" என்றார் சித்தர். "திரையைப் போடுங்கோ! நெஞ்சைக் கழற்றுவம்!"

நடராசா தலையாட்டிவிட்டார். பக்கத்தில் நின்ற சீடனின் கையில் திருகுசாவி மின்னியது.

"சாமி," என்றாள் கமலாசனி, "திரை போட்டால் எனக்கு மூச்சு முட்டுது. முதல்ல மந்திரத்தை மட்டும் வெளிச்சத்தில சொல்லுங்கோ. ஒருக்கா ஓடிப் பாத்திட்டு நெஞ்சைக் கழற்றுங்கோ."

"திரையில்லாமல் மந்திரம் பலிக்காது, பிள்ளை."

"வயித்துப் பிள்ளைக்காரி ஆசைப்பட்டுக் கேக்கிறன்."

கூட்டம் முணுமுணுத்தது. வீரகத்தி என்ற லொறிச் சாரதி, மூன்று தடவை தன் லொறியை எழுப்பிக்கொண்ட பரம பக்தன், முன்னால் வந்தான். "சாமி, பிள்ளைத்தாய்ச்சி கேட்டதை இல்லையெண்டு சொல்லக் கூடாது. பாவம் சுத்தும். சொல்லுங்கோ, உங்களுக்கென்ன கஷ்டம்!" ஒரு மூடநம்பிக்கையின் கழுத்தை இன்னொரு மூடநம்பிக்கை பிடித்தது. சித்தர் பல்லைக் கடித்துக்கொண்டு, வெளிச்சத்தில், அடிவயிற்றிலிருந்து மந்திரம் சொன்னார்.

கார் ஓடியது, அதே இருமல். நூற்றைந்து விநாடி.

"மந்திரம் போட்டாச்சு, எழும்பேல்லை" என்றாள் கமலாசனி. "இப்ப மந்திரம் இல்லாமல் ஒண்டு பாப்பம். இஞ்சேருங்கோ, பின்னால புகைக் குழாய்க்குள்ள கையை விட்டுப் பாருங்கோ."

குழாய் சுட்டது. நடராசா சால்வையைக் கையில் சுற்றிக்கொண்டு துழாவினார். கம்பியால் இறுக்கிக் கட்டிய ஈரத் தேங்காய்த் தும்புருண்டை ஒன்று வெளியே வந்தது.

"அபிஷேகம் நடக்கேக்க உங்கட சீடப்பிள்ளை அடைச்சது. ரெண்டாம் திரைக்குள்ள எடுத்திருப்பார். இனி ஓடுங்கோ."

மந்திரமில்லை, திரையில்லை. கார் சீறிக்கொண்டு போய்த் திரும்பியது. கமலாசனி கடிகாரத்தை உயர்த்திப் பிடித்தாள். "எழுபது விநாடி. காலமை வரேக்கையும் இதே எழுபதுதான். எழுப்ப வேண்டியது காரையில்லை."

வீரகத்திக்குத் தன் லொறியின் நெஞ்சு நினைவுக்கு வந்தது. கொட்டிலின் பின்பக்கம் போனான். அங்கே நல்ல காபரேற்றர்கள் சாக்குச் சாக்காக, வவுனியாக் கடைகளுக்குப் போகக் காத்துக் கிடந்தன. "ஐயோ, இது என்ர லொறியின்ரயடா!" என்ற அலறல்தான் முதலில் வந்தது.

சித்தர் ஞானத்தைவிட வேகத்தை நம்பினார். தம் மோட்டார் சைக்கிளில் பாய்ந்து ஏறி உதைத்தார். எழும்பவில்லை. மீண்டும் உதைத்தார். எழும்பவில்லை.

"மந்திரத்தைச் சொல்லுங்கோ, சாமி!" என்று யாரோ கத்தினார்கள்.

நான்கு வாரம் கழித்து வலி கண்டது. கம்பனியில் பூட்டிய அதே நெஞ்சோடு, அதே எழுபது விநாடிக் கணக்கில், சிவப்புக் கார் வவுனியாவை அடைந்தது. தாயும் மகளும் நலம்.

புளியங்குளத்துக் கொட்டில் இப்போது வெறுமையாகக் கிடக்கிறது. ஆனால் புதுக்குடியிருப்பில் ஒருவர் நீரிறைக்கும் இயந்திரங்களுக்குப் பேயோட்டுகிறாராம். இப்போதே கூட்டம் தாங்கவில்லையாம். அங்கேயும் ஒரு திரை இருக்குமல்லவா? போகிறவர்களிடம் கேட்பதெல்லாம் ஒன்றே. இரண்டு கையையும் கூப்பிவிடாதீர்கள். திரையை விலக்கிப் பார்க்க ஒரு கை மிச்சம் இருக்கட்டும்.