ஓடாத அக்காவுக்கு நாங்கள்தான் நடுவர்கள்

ஆவடி வட்டாரத்திலேயே என்ன அவசரம் வந்தாலும் ஓடாத ஒரே ஜீவன் எங்கள் ஓடாத அக்காதான். லாரிக்காரன் ஆரன் அடித்தால் எருமைகூட நாலு எட்டு ஓடும். அக்கா ஓடமாட்டார். ஆனால் ஓடுகிற அத்தனை பேரையும் தாண்டிப் போய்விடுவார். என் குழப்பமெல்லாம் இங்கேதான் ஆரம்பித்தது.

தென்காசிப் பக்கமிருந்து வந்து, அம்பத்தூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை கிடைத்து, கோவில்பதாகையில் வாடகைக்குக் குடியேறிய மறுநாள் காலை. ஏரிக்கரை ரோட்டில் ஒரு பெண் முழங்கையை வெட்டி வெட்டி, இடுப்பை ஒரு தினுசாகத் திருப்பி, உர்ரென்ற முகத்தோடு பறந்துகொண்டிருந்தார். பின்னால் மொபெட்டில் ஒரு ஆள், கையில் பாட்டிலை நீட்டி, "தண்ணியாச்சும் குடிச்சிட்டுப் போ" என்று கெஞ்சிக்கொண்டே வந்தார். புருஷன் பெண்டாட்டி சண்டை, அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார் என்று முடிவு செய்தேன். மனசு கேட்கவில்லை. குறுக்கே போய், "அக்கா, எதா இருந்தாலும் வீட்ல உக்காந்து பேசிக்கலாம்" என்றேன்.

அக்கா என்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். மொபெட் நின்றது.

"இன்னா சார், நடுவுல பூந்து கெடுக்கிற? அவ பிராக்டீஸ் பண்ணிகினு கீறா!"

அவர்தான் குமார், அக்காவின் கணவர், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அக்கா முப்பத்தைந்து கிலோமீட்டர் நடைப் போட்டியில் இந்தியாவுக்காக வெளிநாடு போய் வந்தவர் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது.

"நடக்கிறதுல எப்படிண்ணே போட்டி?"

"கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து நானும் அத்தத்தான் கேட்டுகினு கீறேன்."

அக்காவே ஒருநாள் விளக்கினார். விதி இரண்டே இரண்டு. எப்போதும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். முன்னால் வைக்கிற காலில் முட்டி மடங்கக் கூடாது. ஓரத்தில் நிற்கும் நடுவர்கள் வெறும் கண்ணால் பார்த்து முடிவு செய்வார்கள். மூன்று பேர் சிவப்பு அட்டை கொடுத்தால் ஆள் வெளியே. கேட்க எளிதாகத்தான் இருந்தது. வீட்டுக்குள் செய்து பார்த்து பீரோவில் முட்டிக்கொண்டேன்.

"போன தபா எல்லைக்கோடு கண்ணுக்கு எதிர்ல தெரியுது, தம்பி. அந்த ஆசையில எனக்கே தெரியாம கால் ஓடிருச்சு. மூணாவது அட்டையக் காட்டி வெளிய அனுப்பிட்டாங்கோ" என்றார் அக்கா. "இன்மே இந்தக் காலுக்கு ஓட்டம்னா இன்னான்னே தெரியக் கூடாது. இன்னொரு தபா வெளிய அனுப்பினா ஷூவக் கயட்டி வெச்சிருவேன். அதுக்கு மேல மனசுல தெம்பு இல்ல."

அந்தப் போட்டியிலிருந்துதான் இந்த ஓடாத விரதம். அடுப்பில் பால் பொங்கினால் வாசலிலிருந்து முறைப்படி நடந்துதான் போவார். பால் யாருக்காகக் காத்திருக்கும்? குமாருக்குப் பாதி நாள் கடுங்காப்பிதான். அண்ணனூர் ஸ்டேஷனில் ரயில் நகரத் தொடங்கியபோது நாங்களெல்லாம் தலைதெறிக்க ஓடினோம். அக்கா எங்களைத் தாண்டி நடந்துபோய் ஏறிவிட்டார். எங்களுக்கு அடுத்த ரயில். ஏரிக்கரையில் ஒரு நாய் துரத்தியது. இது ஓடுகிற கேஸா, நடக்கிற கேஸா என்று அதற்கும் விளங்கவில்லை. கொஞ்ச தூரம் பக்கத்திலேயே வந்து, அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது.

அடுத்த பெரிய போட்டிக்கு அக்கா தேர்வானதும் தெருவே மாட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள்தான் நடுவர்கள். அட்டைப்பெட்டியை வெட்டி, மஞ்சள் பெயிண்ட் அடித்து, அக்கா ஆளுக்கு இரண்டு கொடுத்தார். நெளிகோடு போட்டது கால் தரையை விட்டால் காட்ட, மடங்கிய கோடு போட்டது முட்டி மடங்கினால் காட்ட. மளிகைக்கடை செல்வியக்கா, கால் தரையை விட்டாலும் முட்டி அட்டையையே காட்டினார். வழியில் போன தண்ணி கேன்காரருக்கும் காட்டினார். நான் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் சேர்த்துத் தூக்கினேன்.

அக்கா நின்றுவிட்டார். "காலும் பறக்குது, முட்டியும் மடங்குதுன்னா, நான் இன்னா தம்பி, கொக்கா?"

போட்டி நாள் மத்தியானம் குமார் வீட்டு டிவி முன்னால் எள் விழ இடமில்லை. முதல் காட்சியிலேயே அக்கா மற்ற எல்லாருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தார். செல்வியக்கா விசிலடித்தார். யாரோ வெளியே போய்ச் சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள்.

"யோவ், நிறுத்துங்கய்யா!" என்று குமார் கத்தினார். "ஒரே ரோட்டையே சுத்திச் சுத்தி வர்றாங்கோ. அவ முன்னாடி போவல, ஒரு சுத்து பின்னாடி கீறா!"

முன்னால் போகிறவர் எப்படிப் பின்னால் இருக்க முடியும்? யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. இதற்குள் திரையில் காட்டிய பெயர்ப்பலகையில் அக்காவுக்கு நேரே ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது; ஒரு சிவப்பு அட்டை என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது. இன்னொன்று விழுந்தால் ஆள் வெளியே.

கடைசிச் சுற்று. அக்காவுக்கு முன்னால் ஒரு பெண். எட்டிப் பிடிக்கிற தூரம்தான். கூடத்தில் தாங்க முடியாமல் செல்வியக்கா எழுந்து நின்று, "ஓடு தாயீ, ஓடு!" என்று அலறினார். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். குமார் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். "அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீங்கோ! உங்க கால்ல வுயறேன்!"

எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டோம். திரையில் ஒரு நடுவர் குனிந்து அக்காவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களும் பார்த்தோம். முன்னால் போன பெண்ணை அக்கா விட்டுவிட்டார். அவருக்குப் பின்னால் வந்த இன்னொருத்தியும் தாண்டிப் போனாள். அக்கா தன் நடையை மாற்றவில்லை. அப்படியே கோட்டைத் தாண்டி, அந்தண்டை சுருண்டு விழுந்தார்.

"இருங்கோ, முடிச்ச பொறவும் அட்டை காட்டுவாங்கோ" என்றார் குமார். காத்திருந்தோம். முடிவுப் பட்டியல் வந்தது. எங்கோ நடுவில் அக்கா பெயர், பக்கத்தில் நேரம். மூன்றாவது புள்ளி இல்லை. குமார் லுங்கி நுனியால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். மிச்சமிருந்த வெடியையும் கொளுத்தினோம். வழியில் போன ஒருவர் பைக்கை நிறுத்தி, "இன்னா நைனா, ஃபர்ஸ்ட்டா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. முடிச்சிட்டா!" என்றார் குமார். பைக்கில் வந்தவர் ஒன்றும் விளங்காமல் எங்களைப் பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் அக்காவின் போன். குமாரிடம் பேசிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நெசத்தச் சொல்லு. கடைசியில நான் கால் தூக்கினேனா?"

"இல்லக்கா. தரையிலதான் இருந்துச்சு."

"நல்லாப் பாத்தியா?"

"கண்ணே இமைக்கலக்கா."

 "அது போதும்பா" என்றார் அக்கா.

கால் தரையில் இருக்கிறதா, பறக்கிறதா என்று இன்றைக்கும் என் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. ஆனால் அன்றைக்குப் பார்த்ததுபோல் அவ்வளவு பிரியமாக யாருடைய காலையும் நான் பார்த்ததில்லை.