பெண் பார்க்க வந்தவர்களுக்கு நான் சுட்ட ஓட்ஸ் பிஸ்கட்

உடம்புக்கு நல்லது என்று ஒரு சாமானைக் கண்டுபிடித்தவர்கள் அதைத் தாங்களே சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அடுத்தவர் வாயில் திணித்த பிறகுதான் அவர்களுக்கு நிம்மதி. நானும் அந்த இனம்தான். என்ன, மற்றவர்கள் வீட்டாரோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமே தொடங்கினேன்.

அப்போது நாங்கள் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், இரண்டாம் மாடியில் இருந்தோம். லண்டனில் இருந்த சித்தி, தான் வாசித்து முடித்த பெண்கள் மகசின்களைக் கட்டுக்கட்டாக அனுப்புவா. அவற்றை வாசித்து வாசித்து நான் ஒரு அரை டொக்டர் ஆகியிருந்தேன். (மற்ற அரை இன்றுவரை வரவில்லை.) சீனி விஷம், மைதா விஷம், பொரித்தது எல்லாம் கொடிய விஷம். அம்மா வடை சுடும்போது குசினி வாசலில் நின்று அப்பாவின் இரத்தக் குழாய்களைப் பற்றிப் பிரசங்கம் செய்வேன். அப்பா கேட்டுக்கொண்டே இன்னொரு வடையை எடுப்பார்.

இந்த நிலையில் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெடியன் என்ஜினியர், தகப்பன் சுங்கத்தில் இருந்து இளைப்பாறியவர், சாதகம் நல்ல பொருத்தம். எனக்கு அதற்கு முன் வந்த சம்பந்தங்கள் எல்லாம் சாதகத்தோடேயே திரும்பிப் போயிருந்தபடியால், ஆட்கள் நேரில் வருகிறார்கள் என்பதே அம்மாவுக்குப் பாதிக் கலியாணம் முடிந்த மாதிரி. பொரித்த கட்லட்டும் பற்றிஸும் கடையில் சொல்லிவைக்கப் புறப்பட்டா. நான் குறுக்கே நின்றேன். வாறவர்களுக்கு நஞ்சு கொடுக்க என்னால் முடியாது, நானே ஓட்ஸும் விதைகளும் போட்டு பிஸ்கட் சுடுவேன் என்றேன். “பிள்ளை தானே செய்தது” என்று சொல்லலாமே என்ற ஆசையில் அம்மா சம்மதித்துவிட்டா. பாவம், மனுசி பெற்ற பிள்ளையை நம்பிவிட்டா.

மகசினில் ஓட்ஸ், எள்ளு, சூரியகாந்தி விதை என்று போட்டிருந்தது. ஓட்ஸ் ரின்னில் இருந்தது, எள்ளு குசினியில் இருந்தது. சூரியகாந்தி விதைதான் வெள்ளவத்தைக் கடைகள் ஒன்றிலும் இல்லை. கடைசியில் புறக்கோட்டையில், ஒரு சந்துக்குள், சாக்குச் சாக்காகத் தானியம் வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் கண்டுபிடித்தேன். வாசலில் கம்பிக் கூடுகள் தொங்கின. அலங்காரத்துக்கு என்று நினைத்தேன். (அரை டொக்டருக்கு அரைக் கண்தான்.)

நானா நல்ல மனுசன். விதையை நிறுத்துக்கொண்டே, “ஊட்டுல எத்தின ஈக்கி மகள்?” என்று கேட்டார்.

வீட்டில் எத்தனை இருக்கு என்று எவ்வளவு அன்பாகக் குடும்பத்தை விசாரிக்கிறார் என்று நெகிழ்ந்து, “நாலு” என்றேன்.

“எல்லாம் பேசுமா?”

“அம்மாதான் கூடப் பேசுவா. தம்பி இப்பதான் எதிர்த்துக் கதைக்கப் பழகியிருக்கிறான்.”

அவர் விதையைப் பொட்டலம் கட்டி நீட்டினார். பிறகு, இடைக்கிடை பச்சை மிளகாயும் கொடுத்தால் இன்னும் நன்றாகப் பேசும் என்று புத்தி சொன்னார். எங்கள் வீட்டில் மிளகாய் இல்லாமலே நன்றாகப் பேசுவார்கள் என்று சொல்லிவிட்டு, முஸ்லிம் வைத்தியத்தில் மிளகாய் தொண்டைக்கு நல்லது போலும் என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

மகசின் படத்தில் விதைகள் சின்னதாய், சாம்பல் நிறமாய் இருந்தன. என்னுடையவை பருத்து, கறுப்பு வெள்ளைக் கோடு போட்டு, கோதுக்குள் பத்திரமாக இருந்தன. லண்டன்காரர்களுக்கு ஒழுங்காகப் படம் எடுக்கத் தெரியவில்லை என்று முடிவு செய்தேன். சீனிக்குப் பதிலாக ஒரு கரண்டி கித்துள் பாணி. பட்டர் கொழுப்பு, ஆகவே பேருக்கு ஒரு துளி. முட்டையும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மா ஒட்டமாட்டேன் என்று அடம்பிடித்தது. நான் அதைவிட அடம்பிடித்து, கையால் இறுக்கி இறுக்கித் தட்டினேன்.

எங்களிடம் பிஸ்கட் சுட அவண் இல்லை. மேல்மாடி சிங்கள அன்ரியிடம் இருந்தது. அவ தட்டை வெளியே எடுத்து, ஒரு பிஸ்கட்டைத் தூக்கி மேசையில் மெல்லத் தட்டிப் பார்த்தா. அது எழுப்பிய சத்தத்தில் அவவின் நாய் எழுந்து வெளியே போனது. “துவ, மேக்க ஹரி ததய் நே” என்றா. மகள், இது சரியான கடினமாக இருக்கே என்று அர்த்தம். அது நார்ச்சத்து அன்ரி என்று விளக்கம் கொடுத்தேன். ருசி பார்க்க நானும் ஒன்று கடித்தேன். காதுக்குக் கீழே ஏதோ விண்ணென்றது. நல்லது எதுவும் இலேசில் இறங்காதுதானே என்று தேற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தாய், தகப்பன், பெடியன் மூவரும் வந்தார்கள். நான் சேலை உடுத்துக்கொண்டு தேத்தண்ணியும் பிஸ்கட் தட்டமும் கொண்டுபோனேன். “பிள்ளை தானே செய்தது” என்று அம்மா சொன்னா. ஓட்ஸின் மகிமை பற்றி நானும் கொஞ்சம் எடுத்துச் சொன்னேன். பெண் பார்க்கும் இடத்தில் பெண் கொலஸ்ட்ரோல் பற்றிப் பேசியது அவர்களுக்கும் புது அனுபவமாக இருந்திருக்க வேண்டும்.

தாய்க்காரி கெட்டிக்காரி. ஒன்றை எடுத்து, தேத்தண்ணிக்குள் விட்டு, அங்கேயே மறந்துவிட்டா. பெடியன் மரியாதை தெரிந்தவர், கடித்தார். கடித்துக்கொண்டே இருந்தார். அறையில் வேறு சத்தமே இல்லை. அப்பா காலநிலை பற்றி ஏதோ கேட்டார், பதில் சொல்ல அவருக்கு வாய் காலியாக இல்லை. திடீரென்று கண்கள் பிதுங்கி, முகம் சிவந்து, இருமத் தொடங்கினார். கோது தொண்டையில் நின்றுவிட்டது. அம்மா ஓடிப்போய் அவருடைய தலையில் தட்டினா, அப்பா முதுகில் குத்தினார், தம்பி ஒரு செம்புத் தண்ணீரை வாயில் பாதியும் சேட்டில் பாதியுமாக ஊற்றினான். வருங்கால மருமகனை ஒரு குடும்பமே சேர்ந்து அடித்ததை நான் தட்டத்தோடு நின்று பார்த்தேன்.

ஒருவாறு மூச்சு வந்தது. இவ்வளவுக்கும் தகப்பன் அசையவில்லை. அவர் தன் பிஸ்கட்டை வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் ஒரு விதையைக் கிண்டி எடுத்து, கோதை உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளை, இதை எங்க வாங்கினனீங்கள்?”

புறக்கோட்டையில், இன்ன சந்தில் என்று சொன்னேன்.

“கூடு தொங்குமே, அந்தக் கடையோ?”

“ஓம்.”

“நானும் அங்கதான் வாங்கிறனான்,” என்றார் அவர், மிகவும் சாந்தமாக. “எங்கட கிளிக்கு.”

நானா ஏன் மிளகாய் கொடுக்கச் சொன்னார் என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு விளங்கியது. தரை பிளந்து என்னை விழுங்கும் என்று எதிர்பார்த்தேன். வெள்ளவத்தை மாடிவீடுகளில் அந்த வசதி இல்லை, பிளந்தாலும் கீழ்வீட்டுக் குசினியில்தான் விழுவேன். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு தம்பியைக் கட்லட் வாங்க அனுப்பினா. வந்தவர்கள் அதைப் பசியோடு சாப்பிட்டார்கள். புறப்படும்போது தகப்பன், மிச்ச பிஸ்கட்டை ஒரு பேப்பரில் சுற்றித் தரமுடியுமா என்று கேட்டார். கிண்டலா உண்மையா என்று முகத்தில் பிடிபடவில்லை. அம்மா சுற்றிக் கொடுத்தா.

அதற்குப் பிறகு அம்மா என்னோடு கதைக்கவில்லை. சமைத்தா, சாப்பாட்டை மேசையில் வைத்தா, கடலைப் பார்த்தா. நான் மகசின்களை எல்லாம் கட்டிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். அந்தப் பெடியன் இருமலுக்கிடையிலும் என்னைப் பார்த்து “பரவாயில்லை” என்று கையைக் காட்டியது திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. சரியான நேரம் பார்த்து எனக்கு அவரைப் பிடித்துப்போயிருந்தது.

ஒரு காலை ரெலிபோன் அடித்தது. அப்பா எடுத்தார். ஓம், ஓம் என்றார். நீண்ட நேரம் கேட்டார். பிறகு அவருடைய தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து அம்மா கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டா. அப்பா சிரிப்பை அடக்கமுடியாமல் ரெலிபோனை வைத்துவிட்டு, அந்தப் பக்கம் சொன்னதை அப்படியே ஒப்பித்தார்.

“பொம்பிளையை எங்களுக்குப் பிடிச்சிருக்கு. பிஸ்கட்டைத்தான் கிளிக்குப் பிடிக்கேல்லை.”

கிளி ஒருதரம் கொத்திப் பார்த்துவிட்டு, அதைக் காலால் தள்ளித் தண்ணிக் கிண்ணத்துக்குள் போட்டுவிட்டதாம்.

கலியாணமாகிக் கொட்டாஞ்சேனைக்குப் போன பிறகு நான் புதிதாக எதைச் சமைத்தாலும், மாமா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்து, “கிளிக்குக் குடுத்துப் பார்த்தாச்சோ?” என்று கேட்ட பிறகுதான் கை வைப்பார். பிறகு அவருடைய மகன் கேட்டார். பிறகு என் பிள்ளைகள் கேட்டார்கள். அந்தக் கிளியைக் கண்ணாலும் கண்டிராத மருமகன் இப்போது கேட்கிறான்.

போன வருஷம் மகள் வெளிநாட்டிலிருந்து வந்தபோது, அழகான பெட்டியில் விலை கூடின பிஸ்கட் கொண்டுவந்தாள். ஓட்ஸ், எள்ளு, சூரியகாந்தி விதை. உடம்புக்கு எவ்வளவு நல்லது தெரியுமா அம்மா என்று தொடங்கினாள். என் கணவர் ஒரு பிஸ்கட்டை எடுத்தார். எழும்பிப்போய் யன்னலைத் திறந்து, வெளியில் மாமரத்தில் கிளி ஏதும் இருக்கிறதா என்று நிதானமாகப் பார்த்தார்.